கேட்டு வளர்ந்த வீடு

திருக்குறளிலே கல்விக்கு ஓர் அதிகாரம் உண்டு. அதனை அடுத்துக் கல்லாமைக்கு ஓர் அதிகாரம். அவ்விரண்டும் முடிந்த பின்னர்க் கேள்வி என்னும் அதிகாரம் வருகின்றது. கற்றவன் ஒரு கரை, கல்லாதவன் மறு கரை என்று உலகத்தை இரு கூறாக்கி விட்டுப் போய்விடாமல், நடுவே ஒரு தோணியையும் விட்டு வைத்தார் வள்ளுவர். வகுப்பிலே இந்த வைப்புமுறையை விளக்கும்போதெல்லாம் எனக்கு என் ஆச்சியின் நினைவு வரும்.

ஆச்சி என்றது என் தாயைப் பெற்றவரை. கையொப்பம் வேண்டிய இடங்களிலெல்லாம் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தவர் அவர். ஆயினும், கந்தபுராணத்திலே எந்தப் படலம் எந்தக் காண்டத்தில் வருகின்றது என்ற ஐயம் எழுந்தால், அவரிடம் கேட்டுத் தெளிந்த பண்டித வகுப்பு மாணவர் எங்கள் ஊரில் இருந்தனர். அவர்களுள் நானும் ஒருவன். புத்தகம் அலமாரியிலேதான் இருந்தது. அதனை எடுத்துப் புரட்டுவதிலும் ஆச்சியைக் கேட்பது விரைவான வேலை.

இந்தப் படிப்பு அவருக்குக் கோயிலிலே வாய்த்தது. வலிகாமத்தின் ஒரு சிற்றூர் எங்களுடையது. அங்குள்ள முருகன் கோயிலிலே ஆண்டுதோறும் புராணபடனம் நடைபெறும். ஒருவர் பாட்டை இராகத்துடன் வாசிப்பார். மற்றொருவர் அதனைத் துண்டு துண்டாக வாங்கிப் பொருள் விரிப்பார். பொருள் விரிப்பதை எங்கள் ஊரிலே பயன் சொல்லுதல் என்பார்கள். உரை என்றோ விளக்கம் என்றோ கூறாமல் பயன் என்று கூறிய அந்தப் பழைய மனிதரின் சொல்லாட்சியை நான் பலகாலும் வியந்ததுண்டு. கச்சியப்ப சிவாசாரியாரின் புராணம் ஆறு காண்டங்களும் 10,345 பாடல்களும் கொண்டது. யாழ்ப்பாணத்தாரின் வாழ்க்கை முழுவதையும் கந்தபுராண கலாசாரம் என்ற ஒரே தொடரில் அடக்கிக் காட்டினார் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள். அத்தொடரின் பொருளை நான் அவருடைய கட்டுரைகளிலே கற்பதற்கு முன்னர், மடியிலே சுண்டலுடன் தூணோரம் சாய்ந்திருந்த ஆச்சியின் பக்கத்திலே கற்றேன்.

என் தந்தையார்தாம் அக்கோயிலிலே பயன் சொல்பவர். பகலிலே பாடசாலை ஆசிரியர். அவரை நாங்கள் ஐயா என்று அழைப்போம். ஒரு பாட்டுக்கு அரைமணி நேரம் பயன் சொல்லுவார். அவசரப்படுவோர்க்குப் புராணம் ஏறாது என்பது அவருடைய கொள்கை.

இந்த வீட்டுக்குள்ளேதான் 1975 ஆம் ஆண்டிலே வானொலிப் பெட்டி வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் கொழும்பிலே எழுதுவினைஞராகப் பணியாற்றிய என் அம்மான், ஆச்சிக்கு ஒரே மகன். சித்திரை விடுமுறையிலே யாழ்தேவியில் வந்திறங்கியவரின் கையிலே, துவாயினாற் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. ஐயா அதனைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விறாந்தையின் ஒரு மூலையிலே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. கோயிலிலே நான் ஒரு பாட்டைத் தாண்டுவதற்குள் இந்தப் பெட்டி மூன்று சவர்க்காரத்தை விற்றுவிடுகின்றதே என்பது சில நாட்களின் பின் அவர் கூறிய முதல் விமரிசனம்.

கொழும்பிலே ஒலிபரப்புத் தொடங்கியது 1925 ஆம் ஆண்டில். அரை நூற்றாண்டு கடந்து அது எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆயினும் வந்த வேகத்திலே எங்கள் நாட்பொழுதைப் பங்கிட்டுக்கொண்டது. மணிக்கூட்டைப் பார்ப்பாரில்லை. பொங்கும் பூம்புனல் தொடங்கினால் நாங்கள் கிணற்றடிக்குப் போக வேண்டும். இன்ன பாட்டு முடிவதற்குள் பிட்டு இறக்க வேண்டும். அம்மா அடுப்படி வேலையை முடித்துக்கொண்டு சத்தகமும் ஓலையுமாக விறாந்தைக்கு வந்துவிடுவார். கை பெட்டி இழைக்கும்; செவி நாடகத்திலே இருக்கும். சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ ஒலித்த நாட்களில் எங்கள் ஒழுங்கையிலே ஒரு சிறப்பைக் கண்டேன். ஒரு வீட்டு வேலியிலே விட்ட வசனத்தை அடுத்த வீட்டு வேலியிலே கேட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் தவறாமல் ஒருவர் கடை வரைக்கும் நடந்துபோய் வரலாம். ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற தொடரோ 1976 ஆம் ஆண்டிலே திரைப்படமாகவும் ஆயிற்று. அதிலே வந்த வேடிக்கைப் பேச்சைப் பேசி என் தம்பி பாடசாலையிலே பலமுறை அடி வாங்கினான்.

ஐயா அப்பெட்டியின் முன்னே அமர்ந்ததில்லை. சாய்மனைக் கதிரையைச் சற்று எட்டப் போட்டுக்கொண்டு, கையிலே ஒரு புத்தகத்தை விரித்துவைத்திருப்பார். புத்தகத்தின் பக்கம் திரும்புவதேயில்லை என்பதை நாங்கள் கண்டுகொண்டோம். இடையிடையே, “ளகரத்தை ழகரமாக்கிவிட்டான்” என்றோ, “அவ்விடத்தில் வல்லினம் மிகும்” என்றோ ஒரு குரல் எழும். அப்துல் ஹமீதும் இராஜேஸ்வரி சண்முகமும் பேசும்போது மாத்திரம் அக்குரல் எழாது. அவருடைய பாராட்டு அவ்வளவே.

கண்ணாற் காணும் கலையும் எங்கள் வீட்டார்க்குச் செவிவழியாகவே வந்தது என்று சொல்ல வேண்டும். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து அவர்களின் அரிச்சந்திர மயான காண்டம் எந்தக் கோயில் திருவிழாவில் நடந்தாலும் அம்மா போய்விடுவார். கூட்டத்தின் பின்னாலே இருந்தால் மேடை தெரியாது. பாட்டு மாத்திரம் வரும். அதுவே போதும் என்பார். லோகிதாசனைப் பாம்பு தீண்டும் இடத்திலே தவறாமல் அழுவார். ஒருநாள் ஐயா கேட்டார்: “எத்தனை தரம் பார்த்துவிட்டாய். கடைசியில் அந்தப் பிள்ளை எழும்பிவிடுவான் என்று உனக்குத் தெரியாதா?”

“கடைசியிலைதானே எழும்புவான். இப்ப செத்துப்போய்த்தானே கிடக்கிறான்” என்றார் அம்மா.

அவலச்சுவை பற்றி நான் பிற்காலத்திலே படித்த நூல்கள் எவையும் இதற்குமேல் ஒன்றைச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஐயாவும் அன்று மறுமொழி கூறவில்லை. வைரமுத்து அவர்கள் 1989 ஆம் ஆண்டிலே மறைந்தபோது அம்மாவுக்கு அது உறவினர் வீட்டு இழவாகவே இருந்தது.

பாட்டும் நாடகமும் அம்மாவுடையவை, செய்தி ஐயாவுடையது, மரண அறிவித்தல் ஆச்சியுடையது. அந்நேரத்திலே வீட்டில் எவரும் வாய் திறத்தல் கூடாது.

அவ்வறிவித்தலின் அமைப்பை வாசகர் அறிவர். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்பது முதல் வாக்கியம். அது சிறியது. அடுத்து வருவதே பெரிய வாக்கியம். அன்னார் இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னின்னாரின் தந்தையும், மாமனாரும், சகோதரரும், மைத்துனரும், பேரனும் என்று எண்ணும்மை அடுக்கி அடுக்கிச் சென்று, ஈற்றிலே ‘ஆவார்’ என்னும் ஒரே சொல்லில் வந்து இறங்கும். மூன்று தலைமுறை மனிதரைச் சுமந்துகொண்டு, இத்துணை நீளம் நடந்து, எழுவாயை மறவாமல் பயனிலையை அடையும் வாக்கியம் நம்முடைய இக்கால உரைநடையிலே வேறு எங்கே இருக்கின்றது? எண்ணும்மை கற்பிக்கும் நாளிலே நான் மாணவர்க்கு இதனையே உதாரணமாகக் கூறுவதுண்டு. கூர்மையுள்ள மாணவி ஒருத்தி, இறந்தவரைக் குறித்து ‘ஆனார்’ என்னாமல் ‘ஆவார்’ என்பது ஏன் என்று கேட்டாள். மனிதர் இறந்தகாலத்துக்குப் போய்விட்டார், முறை போகவில்லை என்று விடை கூறினேன்.

ஆச்சிக்கு இலக்கணம் வேண்டியிருக்கவில்லை. ஊர்ப்பெயர் ஒன்றும் முறைப்பெயர் இரண்டும் கிடைத்துவிட்டால், எஞ்சிய வமிசாவழியை அவரே விரித்துவிடுவார். “இவர் இன்னாற்றை மருமேன். தாய் எங்கடை பகுதிதான். நாளைக்கு ஒராள் போகவேணும்” என்று முடிவு கூறுவார். எந்தச் செத்தவீட்டுக்கு யார் போவது என்ற ஒழுங்கு எங்கள் வீட்டிலே அவருடைய செவியிலிருந்தே பிறந்தது.

1990 ஆம் ஆண்டு ஆனியிலே போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டிலே மின்சாரம் நின்றது. பற்றறி வருவதும் நின்றது. பழைய பற்றறிகளை வெயிலிலே காயவைத்து இன்னும் ஒரு நாழிகை வாங்கப் பார்த்தோம். அதுவும் முடிந்தது. ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை இட்டு, அது நனையும் அளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய் ஊற்றி ஏற்றிய விளக்கிலே படித்த காலம் அது. பண்டித பரீட்சைக்கு நான் படித்த தொல்காப்பியச் சேனாவரையம் இன்றும் புகை மணக்கும்.

அப்போதுதான் டைனமோ வந்தது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையாற் சுற்றினால், பின்சக்கரத்தோடு உராயும் டைனமோ மின்சாரம் தரும். அதனை ஒருபக்க ஓட்டமாக்கச் சிறிய டயோட் ஒன்று வேண்டும். யாழ்ப்பாணத்திலே அந்நாளிற் பத்து வயதுப் பிள்ளைக்கும் அந்தப் பூட்டல் முறை தெரியும். சுற்றும் கை சோர்ந்தால் வானொலி மங்கும். செய்தியின் முக்கியமான இடத்திலேதான் எப்போதும் கை சோரும். அப்போது ஒழுங்கை முழுவதிலும், “சுத்தடா, சுத்தடா” என்ற குரல்கள் எழும். இரவிலே இலண்டன் தமிழோசைக்காக ஒவ்வொரு முற்றத்திலும் ஒரு சக்கரம் சுழன்றது.

ஒருவரின் கைவலியை எரித்து ஒலியை வாங்குவதென்றால், எதைக் கேட்பது, எதை விடுவது என்ற வழக்கு வராமற் போகாது. தம்பியின் கை ஒன்றுதான் எங்களுக்கு வாய்த்த மின்னிலையம். பாட்டை அம்மா தாமாகவே விட்டுக்கொடுத்தார். செய்தி தவிர யாவற்றையும் நிறுத்திவிடலாம் என்றார் ஐயா. அறிவித்தல் வேண்டும் என்றார் ஆச்சி. நாடு இருக்கும் நிலையிலே செய்திதான் முக்கியம் என்று ஐயா விளக்கினார். ஆச்சி சொன்ன மறுமொழி என் மனத்திலே எழுதிவைத்தாற்போல் இருக்கின்றது:

“செய்தியிலை கணக்குத்தான் சொல்லுவினம், தம்பி. அறிவித்தலிலைதான் பேர் சொல்லுவினம்.”

அதன்பின் அவ்வழக்கு எழவில்லை. காலையிலே அறிவித்தல், இரவிலே செய்தி என்று தீர்ப்பாயிற்று.

அம்மான் கொழும்பிலேயே இருந்தார். கடிதங்கள் வாரக்கணக்கிலே தாமதித்து வந்தன, சில வரவேயில்லை. போக்குவரவுக்குக் கிளாலிக் கடனீரேரியை இரவிலே வள்ளத்திற் கடக்க வேண்டியிருந்தது. 1992 ஆம் ஆண்டு ஐப்பசியிலே ஒரு காலை. தம்பி வகுப்புக்குப் போய்விட்டான். நான் வீட்டுக்குள்ளே படித்துக்கொண்டிருந்தேன். அன்று ஐயாதாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்த அறிவித்தலிலே எங்கள் ஊரின் பெயர் வந்தது. பிறகு அம்மானின் பெயர். பிறகு அந்தப் பெரிய வாக்கியத்தின் தொடக்கத்திலே, இன்னாரின் மகனும் என்ற இடத்திலே, ஆச்சியின் பெயர்.

தம்முடைய பெயர் வானொலியிலே ஒலிப்பதை ஆச்சி தம் வாழ்நாளில் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஐயாவின் கை நிற்கவில்லை. நின்றால் கிரியை எங்கே, எப்போது என்பது கேளாமற் போய்விடும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். முழுவதும் கேட்டாயிற்று. அடுத்த அறிவித்தல் தொடங்கியது. அதற்கு அடுத்ததும் தொடங்கியது. அவர் சுற்றிக்கொண்டேயிருந்தார். ஆச்சிதான் கடைசியிலே, “காணும் தம்பி, விடுங்கோ” என்றார். பெயரைச் சொன்ன குரல் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது. அம்மானுக்கு மாரடைப்பு என்பதை அறிவிக்கும் தந்தி பதினொரு நாட்களின் பின் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும்.

அந்த ஐப்பசியிலே கோயிலிற் புராணபடனம் யுத்தகாண்டத்திலே சென்றுகொண்டிருந்தது. ஆச்சிக்குத் துடக்கு, கோயிலுக்குப் போகவில்லை. ஐயாவுக்கு அத்தனை நாள் துடக்கில்லை. நான்காம் நாள் தொடக்கம் போனார். முதல்நாள் அவர் திரும்பி வந்து கால் கழுவும்போது ஆச்சி உள்ளேயிருந்து கேட்டார்: “எந்தப் படலத்திலை நிக்கிறியள், தம்பி?”

ஐயா படலத்தின் பெயரைச் சொன்னார். சிறிது நின்றார். பிறகு படியிலேயே இருந்து அன்று கோயிலிலே சொன்ன பயனை ஆச்சிக்குச் சொல்லத் தொடங்கினார். ஏடு இல்லாமல், வாசிப்பவர் இல்லாமல், குத்துவிளக்கு இல்லாமல் அவர் புராணம் சொன்னதை நான் அதற்கு முன்னர்க் கண்டதில்லை. அஃது ஆசாரமன்று என்று எத்தனையோ பேருக்கு மறுத்தவர் அவர். ஒவ்வோர் இரவும் இது நடந்தது. ஆச்சி உள்ளே இருட்டிலே. ஐயா வெளியே படியிலே. இடையிலே போத்தல் விளக்கு.

பானுகோபன் வதைப் படலம் வந்த இரவு நன்றாக நினைவிருக்கின்றது. பானுகோபன் சூரபன்மனின் மூத்த மகன், போரிலே மடிகின்றான். அவன் விழும் இடம் வரைக்கும் சொல்லிவிட்டு, “இன்றைக்கு இவ்வளவும்தான்” என்று ஐயா எழுந்தார்.

“அதுக்குப் பிறகு பெத்தவை அழுகிற இடம் இருக்குதே” என்றார் ஆச்சி. “அதையும் சொல்லுங்கோ.”

ஐயா மீண்டும் இருந்தார். கோயிலிலே அரைமணியிற் கடக்கும் அப்பகுதியை அன்று எவ்வளவு நேரம் சொன்னார் என்று நான் கணக்கிடவில்லை. அசுரர்க்கும் அழுகை உண்டு என்று பாடிய கச்சியப்பருக்கு எங்கள் வீடு அன்று கடன்பட்டது. ஆச்சி அழுதார், அறிவித்தல் கேட்ட நாளிலிருந்து அன்றுதான் முதன்முறையாக அழுதார்.

1995 ஆம் ஆண்டு ஐப்பசி 30 இலே, வலிகாமம் முழுவதும் ஒரே வீதியிலே நடந்தபோது நாங்களும் நடந்தோம். அதுபற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். நான் புதிதாகக் கூறுவதற்கு ஒன்றுமில்லை. துவிச்சக்கர வண்டியிலே ஆச்சியை இருத்தித் தள்ளிச் சென்றோம். புராணப் பிரதியை ஐயா தோளிற் சுமந்தார். வானொலிப் பெட்டி வீட்டோடு நின்றுவிட்டது; அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அதுவும் இல்லை, வைத்திருந்த பலகையும் இல்லை.

ஆச்சி 1998 ஆம் ஆண்டிலே தம்முடைய வீட்டிலேயே காலமானார். அவருக்கான அறிவித்தலை எழுதும் பொறுப்புப் பண்டிதன் என்ற முறையிலே எனக்கு வந்தது. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். எழுதியதை எண்ணிப் பார்த்தேன். கையிலிருந்த பணத்துக்கு மிஞ்சியது. ஒவ்வொரு பெயரின் முன்னும் இருந்த ‘அன்பு’, ‘பாசமிகு’ என்ற அடைகளை எல்லாம் வெட்டினேன். பெயர்கள் யாவும் இருந்தன. அம்மானின் பெயரை எழுதுமிடத்திலே ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லுக்கும் கட்டணம் கொடுத்தேன். ஆச்சியின் முறையிலே ஒருவரும் விடுபடவில்லை என்று ஐயா இரண்டுமுறை வாசித்துப் பார்த்துத் திருப்பித் தந்தார். ஒற்றுப் பிழை ஒன்றைத் திருத்தியிருந்தார்.

இக்காலத்திலே இறப்புச் செய்தி கைத்தொலைபேசியிலே படத்துடன் வருகின்றது. உடனே வருகின்றது, அது வசதிதான், நான் குறை கூறவில்லை. தமிழோசையின் வானொலிச் சேவையும் 2017 ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. வீட்டிலே ஒவ்வொருவர் செவியிலும் ஒவ்வொரு கருவி இருப்பதாற் சண்டை குறைவு. யார் எதைக் கேட்டுச் சிரிக்கின்றார் என்பதுதான் தெரிவதில்லை.

ஐயாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. கண் மங்கிவிட்டது; ஏட்டை வாசிக்க முடியாது. உயர்தர வகுப்பிலே கணிதம் படிக்கும் என் மகன், புராணபடனம் ஒன்றின் ஒலிப்பதிவை எங்கேயோ தேடியெடுத்துத் தன் கைத்தொலைபேசியிலே போட்டுக் கொடுத்தான். ஐயா இரண்டு பாட்டுக் கேட்டார். பயன் சொல்பவர் ஓடுகின்றார் என்றார். மூன்றாவது பாட்டு வந்தவுடன், “அதிலை நிப்பாட்டு” என்றார். நிறுத்தியதும் தாமே பயன் சொல்லத் தொடங்கிவிட்டார். மாலையிலே பாடம் முடிந்ததும் பையன் அவருடைய கதிரையின் அருகிலே போய் இருப்பது இப்போது வழக்கமாயிற்று. நாளொன்றுக்கு மூன்று பாட்டு. பாட்டு முடிந்தவுடன் நிறுத்துவது அவன் வேலை; எஞ்சியது ஐயாவினுடையது.

சென்ற வாரம் அவன் கணக்குப் பார்த்தான். 10,345 பாட்டும் முடிந்து வள்ளியம்மை திருமணத்துக்குப் போய்ச் சேர ஒன்பது ஆண்டும் ஐந்து மாதமும் ஆகும், அப்பு என்று பேரனாரிடம் அறிவித்தான்.

“ஒருநாளும் விடாமல் வந்தால்” என்றார் ஐயா. “நாளைக்கு நேரத்தோடை வா.”